இடப்பக்கம் திரும்பினால்

பதினேழாம் கட்டைப் பாலம் தாண்டியதும்
கைப்பிடி வெறுமனே சுழன்றது.
திருக்கத் திருக்க
சீர் பேச வந்த சம்பந்தி மாதிரி
எல்லாவற்றுக்கும் சரி சரி என்றது.
வண்டி மட்டும் நகரவில்லை.

மணி ஐந்து பத்து.
பின்கூடையில் நாற்பது பொட்டலம் நாசி லெமாக்,
வாழையிலை வேர்த்துக்கொண்டிருந்தது.
இரண்டு பக்கமும் செம்பனை, இருட்டு.
ஆலைச் சங்கு ஐந்தே முக்காலுக்கு.

ஹோண்டா சி எழுபது.
என்னைவிடப் பதினொரு வயது இளையது.
சிலிம் ரிவர் தபால் நிலையத்தில்
ரோட் டேக்ஸ் கட்டப் போகும்போதெல்லாம்
கவுண்டர்ப் பெண் கேட்பாள்:
"இன்னும் ஓடுதா ஆன்ட்டி?"

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
கைப்பிடிப் பெட்டியின் இரண்டு திருகாணியையும் கழற்றினேன்.
உள்ளே மின்யாக் கேபிள்
எண்ணெய் காணாத தலைமுடியாய்ச் சிலிர்த்துக் கிடந்தது.
இழைகளின் முனையெல்லாம் துரு.
எப்போதோ போயிருக்கின்றன, எனக்குச் சொல்லவில்லை.
ஒரே ஓர் இழைதான் பளபளத்தது;
இன்றைக்கு அறுந்தது அது.

கிளட்ச் இல்லாத வண்டி.
இத்தனை வருடம் இடது கைக்கு
வேலை என்று ஒன்றும் இருந்ததில்லை.
சம்பால் கரண்டியின் காம்பில்
அறுந்த முனையைச் சுற்றி முடிந்தேன்.
கரண்டியை இழுத்தால் போகும், தளர்த்தினால் நிற்கும்.
வலது கை ஹேண்டிலுக்கும் பிரேக்குக்கும்,
இடது கை குறுக்கே நீண்டு கரண்டிக்கு.
அப்படியே மூன்று கட்டை.

எதிரே டிராக்டரில் வந்த ரஃபிகுல் கையசைத்தான்.
திருப்பி அசைக்க எனக்குக் கை மிச்சமில்லை.
கோபம் என்று நினைத்திருப்பான்;
வழக்கமாக இரண்டு பொட்டலம் வாங்குகிறவன்
அன்றைக்கு ஒன்றோடு நின்றுவிட்டான்.

ஒன்பது மணிக்கு லிம் கடைக் கதவு ஏறியது.
இப்போது கல்லாவில் மகள்.
"சி எழுபதுக்கு இல்லை. இது இ எக்ஸ் ஃபைவ்.
நாலு விரல் நீளம். பொலே?"
"பொலே."
எட்டு வெள்ளி ஐம்பது சொன்னாள்.
விற்காத ஒரு பொட்டலத்தை நீட்டினேன்,
எட்டில் முடிந்தது.

பழைய கேபிளின் வாலில்
புதியதின் தலையை நூலால் கட்டி இழுத்துக்கொண்டிருந்தபோது
மகன் ஜொகூரிலிருந்து வீடியோவில் வந்தான்.
போனை சீட்டில் சாய்த்தேன், சரிந்துவிட்டது.
அவனுக்குத் தகரக் கூரை மட்டும் தெரிந்திருக்கும்.
"வித்துத் தொலைங்கம்மா. புதுசு எடுத்துத் தரேன்."
"பத்தாம் நம்பர் ஸ்பேனர எங்கடா வச்ச?"
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
"மைலோ டின்னுல பாருங்க."

அங்கேதான் இருந்தது.

கார்புரேட்டருக்குள் இறங்கும் உருளையில்
ஒரு பக்கம் வெட்டு. ஒரு விதமாகத்தான் அது உட்காரும்.
உட்கார்ந்துவிட்டது போலத்தான் தெரிந்தது.
உதைத்தேன்.
வண்டி அலறிய அலறலில்
நாலு லயத்து நாய்களும் சேர்ந்துகொண்டன.
சாவியைப் பிடுங்கினேன்.
தகரக் கூரையைப் பார்த்தபடியே அவன்,
"ம்மா! வெடிச்சிருச்சா?"

மூடியைத் திறந்து, உருளையை மெல்லத் திருப்பி,
வெட்டில் விழும் சின்ன 'க்ளிக்' கேட்ட பிறகு
மறுபடி மூடினேன்.
இரண்டாவது உதைக்கு
ஒன்றும் நடக்காதது போல முனகியது.

ஹேண்டிலை வலப்பக்கம் ஒடித்தேன், அதே முனகல்.
இடப்பக்கம் ஒடித்தேன்,
தானாகவே உறுமல் ஏறியது.
அந்த நாலு விரல் நீளம் எங்கோ முட்டுகிறது.
அட்ஜஸ்டர் துருப்பிடித்து அசையவில்லை.
டீசல் ஊற்றி ஊறவைக்க வேண்டும்.

மறுநாள் நாலே முக்காலுக்குக் கிளம்பினேன்.
ஆலைக்குப் போகும் வழியில் மூன்று இடது வளைவு.
மூன்றிலும் நான் திருக்காமலே
கூடை குலுங்க ஓடியது.
திரும்பும்போது அதே மூன்றும் வலது;
கூடை காலி,
கை சொன்ன அளவுக்குத்தான் வந்தது.

ரஃபிகுலைப் பார்த்ததும்
இடது கையை எடுத்து நன்றாக ஆட்டினேன்.
டீசல் இன்னும் ஊற்றவில்லை.